பெரிய கூட்டமா, சிறிய கூட்டமா?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு வேண்டிய கோதுமையும் பெட்ரோலும் பெரும்பாலும் அட்லாண்டிக் கடலைத் தாண்டியே வந்தன. அவற்றைச் சுமந்த வணிகக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடின. தனியே செல்வது ஆபத்து. ஆகவே நாற்பது, ஐம்பது கப்பல்கள் வரிசை வரிசையாகச் சேர்ந்து செல்லும். சுற்றிலும் சில போர்க்கப்பல்கள் காவல் வரும். இதற்குக் 'கான்வாய்' என்று பெயர்.

கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? பெரிதானால் எதிரிக்கு வசதி என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமும் அப்படித்தான் எண்ணியது.

அங்கே 1942இல் ஆய்வுப் பொறுப்பேற்றவர் பிளாக்கெட். மேகக் கூடத்தில் காஸ்மிக் கதிர்களைப் படம்பிடித்து, பின்னாளில் 1948ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற அதே இயற்பியலாளர்தான். இளமையில் கடற்படை அதிகாரியாகவும் இருந்தவர். அவருடைய குழு பழைய பதிவேடுகளைப் புரட்டியது. சராசரியாக 32 கப்பல்கள் கொண்ட கூட்டங்களில் மூழ்கியவை 2.5 சதவீதம்; 54 கப்பல்கள் கொண்டவற்றிலோ 1.1 சதவீதமே!

காரணம் எளியது. பத்து ஆடுகள் உள்ள பட்டியில் புகுந்தாலும் நூறு ஆடுகள் உள்ள பட்டியில் புகுந்தாலும் ஓநாய் ஓர் இரவில் கவ்வுவது ஒன்றிரண்டுதான். புகாமல் தடுப்பதும் எளிதாகிறது. ஒரு தாளில் வட்டம் வரைந்து பாருங்கள். பரப்பை இரு மடங்காக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். காவற் கப்பல்கள் சற்று விலகி நின்று வளையம் அமைப்பதால் வேறுபாடு இன்னும் குறைவு. 40 கப்பல்களுக்குப் பதில் 80 கப்பல்கள் வந்தால் காவல் வளையம் ஏழில் ஒரு பங்கே நீளும்.

கணக்குச் சரிதான். ஆனால் அதை நம்பி மனிதர்களைக் கடலுக்கு அனுப்பவேண்டுமே! என் பிள்ளைகளை அனுப்ப நேர்ந்தால் எந்தக் கூட்டத்தில் அனுப்புவேன் என்று பிளாக்கெட் தம்மையே கேட்டுக்கொண்டார். பெரியதில்தான் என்று விடை வந்த பிறகே மாற்றத்தை வலியுறுத்தினார். 1943இல் அது ஏற்கப்பட்டது. 1944இல் 160க்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒரே கூட்டமாக, ஒன்றுகூட இழக்காமல் கடலைக் கடந்தன. அதற்குள் நீர்மூழ்கிகளின் வலிமை வேறு காரணங்களாலும் ஒடுங்கிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

இந்த உண்மை ஓராண்டு முன்பே தெரிந்திருந்தால் சுமார் 200 கப்பல்கள் தப்பியிருக்கும் என்று பிளாக்கெட் பின்னர் மதிப்பிட்டார். அந்நாளைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் பலவற்றில், கொதிகலன் அறையில் வேலை செய்தவர்கள் இந்திய மாலுமிகள்.