புலம்பெயர்ந்தோர் வளர்த்த பஞ்சாபி ராப்

தாளக்கட்டின் மேல் எதுகை அமைந்த சொற்களை வேகமாகப் பேசிச் செல்லும் ராப் முறை பஞ்சாபி மொழிக்குள் நுழைந்த இடம் பஞ்சாபின் வயல்வெளி அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய வார்ப்பாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் வேலை தேடிச் சென்ற குடும்பங்களின் அடுத்த தலைமுறை, அண்டைத் தெருக்களில் வாழ்ந்த கரீபியக் குடியேறிகளின் இசையோடு தன் தாய்மொழியைக் கலந்தபோதே அதற்கான களம் உருவாகியது. ஆயினும் அதை வெறும் இறக்குமதி என்று ஒதுக்குவது பிழை. கித்தா எனும் மகளிர் நடனத்தில் கேலியும் சவாலுமாக ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் ஈரடிப் பாடல்களும், தும்பி எனும் ஒற்றை நரம்பு வாத்தியத்தின் துணையோடு கிராமத்துத் திறந்தவெளி மேடைகளில் குல்தீப் மானக், அமர் சிங் சம்கீலா போன்றோர் உச்சக் குரலில் பாடியவையும், சொல்லின் வேகத்தையும் துணிவையும் கலையாகப் போற்றும் மரபொன்றை முன்பே நிலைநாட்டியிருந்தன.

பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்த அப்பாச்சி இந்தியன், ஜமைக்காவின் பேச்சுப்பாடல் முறையில் பஞ்சாபிச் சொற்களைச் சேர்த்து 1990-களின் தொடக்கத்தில் புகழ்பெற்றார். கோவென்ட்ரியைச் சேர்ந்த பஞ்சாபி எம்.சி. 1998-இல் வெளியிட்ட 'முண்டியான் தோ பச் கே' பாடலில், லாப் ஜஞ்சுவாவின் நாட்டுப்புறக் குரலும் தும்பியின் ஒலியும் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையோடு பிணைந்தன. 2003-இல் அமெரிக்க ராப் கலைஞர் ஜே-ஸீ அதன் மறுவடிவில் பங்கேற்றபின், பஞ்சாபி அறியாதவர்களும் அந்தத் தாளத்தை அறிந்துகொண்டனர். இவற்றில் பஞ்சாபி பெரும்பாலும் பாட்டாகவே நின்றது. ராப்பின் பேச்சு வேறு மொழிகளில் ஒலித்தது. முழுக்கப் பஞ்சாபியிலேயே ராப் செய்து, புலம்பெயர்ந்த இளைஞனின் தனிமையை அதன் பொருளாக்கிய பெருமை, கராச்சியில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த பொஹீமியாவுக்கே முதன்மையாக உரியது. அவருடைய முதல் தொகுப்பு 2002-இல் வந்தது. அதன்பின் தில்லியிலிருந்து எழுந்த ஹனி சிங் இம்முறையை இந்தித் திரைப்படங்களுக்குக் கொண்டு சென்றார்; அனிருத் இசையமைத்த 'எதிர்நீச்சல்' (2013) படத்தின் தலைப்புப் பாடலில் ஹிப்ஹாப் தமிழா ஆதியுடன் அவர் குரலும் ஒலித்தது.

மான்சா மாவட்டத்தின் மூசா கிராமத்தில் 1993-இல் பிறந்து, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட சித்து மூஸேவாலாவின் வரவு இவற்றினும் ஆழமானது. மேற்படிப்புக்காகக் கனடாவின் பிராம்ப்டன் நகருக்குச் சென்று, அங்கே 2017-இல் 'ஸோ ஹை' பாடலால் பெயர்பெற்ற அவர், தம் வட்டாரப் பேச்சை மாற்றாமல் பாடினார். பெருநகரத்துக்குக் குடிபெயராமல் கிராமத்துக்கே திரும்பினார். சமய உணர்வைப் புண்படுத்தும் குற்றத்தைக் குறித்த, அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவின் எண்ணையே தலைப்பாகக் கொண்ட '295' (2021), பேச்சுரிமை குறித்த கூர்மையான விமர்சனம். ஆனால் அவருடைய பாடல்கள் பலவற்றிலும், பொதுவாக இவ்வகை இசையிலும், நிலவுடைமைச் சாதியான ஜாட்டுகளின் பெருமிதமும் துப்பாக்கி வழிபாடும் மேலோங்கி நின்றன என்பதை மறைப்பதற்கில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தலித்துகள் வாழும் மாநிலத்தில் இப்பெருமிதம் யாரை வெளியே நிறுத்துகிறது என்னும் கேள்வி நியாயமானது. ஜலந்தரின் கின்னி மாஹி அம்பேத்கரையும் குரு ரவிதாஸையும் போற்றிப் பாடி அதற்கு விடையளித்தார். மது, போதை, வன்முறை ஆகியவற்றைப் புகழும் பாடல்களை ஒலிக்க விடக்கூடாதென்று பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் 2019-இல் ஆணையிட்டும் அவற்றின் செல்வாக்கு குறையவில்லை.

2022 மே 29 அன்று மூஸேவாலா சுட்டுக் கொல்லப்பட்டார். சட்லஜ்–யமுனை இணைப்புக் கால்வாயை எதிர்த்தும் பஞ்சாபின் நீருரிமையைக் கோரியும் அவர் பாடியிருந்த 'எஸ்.ஒய்.எல்.' அடுத்த மாதம் வெளியாகி, சில நாட்களுக்குள், அரசின் முறையீட்டின் பேரில் இந்தியாவில் யூடியூபிலிருந்து அகற்றப்பட்டது.