பத்தூர் நடராஜரின் லண்டன் வழக்கு

1980களில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. உரிமை கோரியவர்கள் ஐந்து பேர். இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, இந்து சமய அறநிலையத் துறை நியமித்த தக்கார் ஒருவர் என முதல் மூன்று பெயர்களில் வியப்பில்லை. நான்காவதாக நின்றது ஒரு கோயில். அதுவும் இடிந்து, காடு மண்டிக் கிடந்த கோயில். ஐந்தாவது, அந்தக் கோயிலின் சிவலிங்கம். எதிர்ப்பக்கம் நின்றது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். லண்டன் போலீஸின் பிடியில் இருந்த ஒரு நடராஜர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு.

வெள்ளைக்கார வக்கீல்களுக்கு இந்தப் பட்டியல் விசித்திரமாகத் தெரிந்திருக்கும். நமக்குச் சிவன் வழக்காட வருவது பழைய கதை. கிழவர் வடிவில் வந்து, சுந்தரர் தன் அடிமை என்று ஓலை காட்டியவர் அவர். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்த பிறகு, திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை எடுத்து நீட்டினார். அவையினரும் சும்மா நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறொரு ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். ஆவணத்தோடு ஆவணத்தை வைத்துப் பார்க்கும் அந்த வேலையைத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து லண்டனில் வேறு கருவிகளோடு செய்தார்கள். ஓலைக்குப் பதில் உலோகம், மண், சிற்ப இலக்கணம்.

இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது பத்தூர். அங்குள்ள விசுவநாத சுவாமி கோயில் 12ஆம் நூற்றாண்டில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நிலம் கொடுத்துக் கட்டியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சோழநாட்டில் இப்படிச் சின்னச் சின்னக் கோயில்கள் நூற்றுக்கணக்கில் எழுந்த காலம் அது. காவிரி வண்டலைக் குழைத்து மெழுகு உருவத்தின் மேல் பூசி, காய்ந்ததும் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் செம்பு மிகுந்த உலோகக் குழம்பை ஊற்றி வார்த்த திருமேனிகள் அந்தக் கோயில்களுக்குப் போயின. ஒவ்வொரு அச்சையும் உடைத்துத்தான் உருவத்தை எடுக்க வேண்டும் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. இந்தத் தொழில் விவரம் பின்னால் வழக்கில் பெரிதாக உதவியது.

கருவறையில் இருக்கும் மூலவர் அசையமாட்டார். உற்சவர் வீதிக்கு வருவார். அபிஷேகம், அலங்காரம், புறப்பாடு, திருவாதிரை என்று ஆண்டுக் கணக்கு அவருக்கு உண்டு. ஆபத்து வந்தால் முதலில் ஒளித்துவைக்கப்படுவதும் அவர்தான். அஞ்சத்தக்க காலத்தில் திருமேனிகளை மண்ணுக்குள் எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று விமானார்ச்சனகல்பம் போன்ற ஆகம நூல்களிலேயே விதி இருக்கிறது. 1311இல் மாலிக் கபூரின் படை தெற்கே வந்தது நமக்குத் தெரிந்த பயங்களில் ஒன்று. பத்தூரில் எந்தப் பயத்தில் யார் புதைத்தார்கள் என்பதற்கு எழுத்து ஏதும் இல்லை. புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை என்பது மட்டும் உறுதி. திருவெண்காட்டில் 1951இல் கிடைத்து இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகனரும் இப்படி மண்ணில் கிடந்தவர்தான்.

1976இல் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்கருகே தோண்டியபோது வெட்டுக்கருவி உலோகத்தில் பட்டது. ஒன்றல்ல, ஒரு தொகுதியே கிடைத்தது. அதில் ஒருவர் நடராஜர். சட்டப்படி அரசுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அதைத்தான் கேட்கிறது. அவரோ சில நூறு ரூபாய்க்கு நடராஜரைக் கைமாற்றிவிட்டார். குற்றம்தான். ஆனால் அந்தச் சங்கிலியில் மிகக் குறைந்த காசு பார்த்தவரும் அவரே. அதற்கு மேல் கை மாற மாற விலை ஏறியது. கடைசியில் சிலை லண்டன் வியாபாரி ஒருவரிடம் பொய்யான பூர்வீகக் கதையோடு சேர்ந்தது. 1982 ஜூனில் பம்பர் நிறுவனம் அவரிடமிருந்து சுமார் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார்கள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்த விலை ஏற்றத்தில் படித்தவர்களின் பங்கும் உண்டு. சோழர் வெண்கலம் உலகச் சிற்பக்கலையின் சிகரங்களில் ஒன்று என்று 20ஆம் நூற்றாண்டின் கலை விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனந்த குமாரசாமியின் நடராஜர் கட்டுரையைப் படிக்காத அருங்காட்சியகக் காப்பாளர் அபூர்வம். அந்தப் புகழ்ச்சி அத்தனையும் உண்மை. அதுவே ஏலக்கடையில் விலைச்சீட்டும் ஆனது. எந்த அறிவு ஒரு திருமேனியின் காலத்தைச் சொல்லி விலையைக் கூட்டியதோ அதே அறிவுதான் அதைப் பிடித்தும் கொடுத்தது. சிவபுரம் நடராஜர் கதை இதற்கு இன்னொரு சாட்சி. கும்பகோணத்தில் பழுதுபார்க்கப் போன இடத்தில் அசல் மாறி, கோயிலுக்குப் போலி திரும்பியது. அசல் வெளியே ஒரு தனியார் சேகரிப்பில் இருப்பதை 1965இல் தன் நூலில் எழுதி அம்பலமாக்கியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். அந்த நடராஜர் அமெரிக்காவில் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய், உடன்பாடு ஒன்று எட்டப்பட்டு, 1986இல் இந்தியா திரும்பினார். அங்கே தீர்ப்பு இல்லை, சமரசம். அதனால் சட்டத்துக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பத்தூர் நடராஜர் பிரிட்டிஷ் மியூசியத்தில் பராமரிப்புக்காக இருந்தபோது லண்டன் மாநகரப் போலீஸ் அவரைக் கைப்பற்றியது. எங்கள் பொருளைத் திருப்பிக் கொடு என்று பம்பர் நிறுவனம் போலீஸ் கமிஷனர் மேல் வழக்குத் தொடர்ந்தது. இந்தியத் தரப்பு உள்ளே வந்தது அந்த வழக்கில்தான். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கையில் பிரிட்டன் அப்போது சேர்ந்திருக்கவில்லை, சேர்ந்தது 2002இல். ஆக உடன்படிக்கையைக் காட்டிக் கேட்க முடியாது. இந்தியாவின் ஏற்றுமதித் தடைச் சட்டத்தை ஆங்கில நீதிமன்றம் தானாக அமல்படுத்தவும் செய்யாது. ஒரே வழி, இது எங்கள் சொத்து என்று சாதாரண உரிமை வழக்காக நிரூபிப்பது.

அதற்கு இரண்டு கேள்விகளைத் தாண்ட வேண்டியிருந்தது. லண்டனில் இருக்கும் நடராஜரும் பத்தூரில் தோண்டியெடுத்த நடராஜரும் ஒருவர்தானா? ஆம் என்றால், அவர் யாருக்குச் சொந்தம்?

முதல் கேள்விக்காக நீதிமன்றத்தில் 'லண்டன் நடராஜர்', 'பத்தூர் நடராஜர்' என்று இரண்டு தனிப் பெயர்களே புழங்கின. தொகுதியில் மிஞ்சிய திருமேனிகள் தமிழ்நாட்டில் மீட்கப்பட்டிருந்தன. அவற்றோடு லண்டன் நடராஜரை ஒப்பிட்டார்கள். உலோகக் கலவையை ஒப்பிட்டவர்கள், மேலே ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், கறையான் விட்டுப்போன மண் தடத்தைக்கூடப் பார்த்தவர்கள் என்று சாட்சிகள் வந்தார்கள். பாணியைப் பற்றிப் பேச இரண்டு தரப்பிலும் கலை வரலாற்றாளர்கள் நின்றார்கள். கனடா நிறுவனத்துக்காக அமெரிக்க ஆய்வாளர் கேரி ஷ்விண்ட்லர், கோயிலுக்காக இரா. நாகசாமி. தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநராக 1966 முதல் இருந்தவர் நாகசாமி. பீடம், முகம், ஆடை மடிப்பு, திருவாசி என்று ஒவ்வோர் அங்கமாகப் பிரித்து, இந்த வேறுபாடுகள் ஒரே கோயிலின் திருமேனிகளுக்குள் வரக்கூடியவைதான் என்று அவர் வாதிட்டார். அச்சை உடைத்து வார்க்கும் தொழிலில் இரண்டு உருவம் அப்படியே ஒத்திருக்க வேண்டியதில்லை என்பது இங்கே பயன்பட்டது. நீதிபதி இயன் கென்னடி நாகசாமி பக்கத்தையே ஏற்றார். சமஸ்கிருதமும் சிற்ப சாஸ்திரமும் கல்வெட்டும் படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்று கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த வழக்கின் சாட்சியப் பகுதியைப் படிக்கலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவையானது. கோயில் இடிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, பூசை இல்லை, ஆளில்லை. கைவிடப்பட்ட பொருளுக்கு யார் உரிமையாளர் என்று எதிர்த்தரப்பு கேட்டது. போதாததற்கு, ஆங்கிலச் சட்டத்தில் வழக்குத் தொடர மனிதன் வேண்டும் அல்லது பதிவான கழகம் வேண்டும். கற்குவியலும் லிங்கமும் எந்தக் கணக்கில் சேரும்?

விடை லண்டனிலேயே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. இந்து தெய்வம் சட்டப்படி ஒரு நபர், அதற்குச் சொத்து உண்டு, அதன் சார்பில் வழக்காடலாம் என்பதைக் காலனியகால நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் வளர்த்தெடுத்திருந்தன. 1925இல் கல்கத்தாவின் மல்லிக் குடும்ப வழக்கில், லண்டனில் இருந்து இந்திய மேல்முறையீடுகளைக் கேட்ட பிரிவி கவுன்சில் சொன்னது அதில் முக்கியமானது. குலதெய்வத்தைப் பூசை முறை வருபவர் தன் வீட்டுக்குத் தூக்கிப் போகலாமா என்பது அங்கே தகராறு. விக்கிரகம் இஷ்டத்துக்கு நகர்த்தும் தட்டுமுட்டுச் சாமான் இல்லை. எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டும். அதைச் சொல்ல, எந்தச் சுயலாபமும் இல்லாத ஒருவரை நியமியுங்கள் என்று தீர்ப்பு வந்தது. 'சிவன் சொத்து குல நாசம்' என்று நம் ஊரில் சொல்வதற்குள்ளும் சிவனுக்குச் சொத்து உண்டு என்பது அடங்கியிருக்கிறது. பிரிவி கவுன்சில் அதற்கு முத்திரை குத்தியது. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1981இல் வெளியிட்ட தன் முதல் நூலில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை எடுத்துக்கொண்டு, தெய்வத்தை அரசராகவே கருதும் பழக்கமும் காலனியச் சட்டமும் எப்படி மோதிக் கலந்தன என்று காட்டியதும் இதே நிலத்தில்தான்.

1988 பிப்ரவரியில் கென்னடி தீர்ப்பளித்தார். கோயிலைக் கட்டியவரின் பக்தி நோக்கம் இன்னும் அழியவில்லை, அது அந்தச் சிவலிங்கத்தில் உருக்கொண்டிருக்கிறது, வாங்கியவரைவிட அதற்கே மேலான உரிமை என்றார். இடிபாட்டில் கிடைத்த லிங்கம் இடைப்பட்ட காலத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டு வழிபாட்டுக்கு வந்திருந்தது. 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. லிங்கத்தின் கோரிக்கையை முடிவுசெய்ய வேண்டியதே இல்லை, கோயிலின் கோரிக்கையே போதும் என்றது. இந்தியச் சட்டம் ஒன்றை வழக்காடும் நபராக ஏற்றால், நாடுகள் ஒன்றின் சட்டத்தை மற்றொன்று மதிக்கும் முறையில் நாமும் அதை உள்ளே விடலாம் என்பதுதான் அதன் காரணம். நிதானமான, கொஞ்சம் சப்பென்ற காரணம். ஆனாலும் எனக்கு இதுதான் உறுதியானதாகப் படுகிறது. முதல் தீர்ப்பைப் பாராட்ட நீதிபதியின் மனம் வேண்டும். இரண்டாவதைப் பின்பற்ற எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் அது தேவையில்லை.

அதே ஆண்டு நடராஜர் நாடு திரும்பினார். ஆய்வுலகம் அவரை விடவில்லை. 1986இல் அப்பாதுரை தொகுத்த ஒரு நூலில் இகோர் கோபிடாஃப், மனிதர்களுக்கு எழுதுவது போலவே பொருட்களுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்று சொல்லியிருந்தார். இந்தியத் திருமேனிகளுக்கு அதைச் செய்து காட்டினார் சமய வரலாற்றாளர் ரிச்சர்ட் டேவிஸ். 1997இல் வந்த அவருடைய 'இந்திய உருவங்களின் வாழ்க்கைகள்' என்ற ஆங்கில நூலில் பத்தூர் நடராஜருக்குத் தனி இடம் உண்டு. பூசகருக்கு இறைவன், தோண்டியவருக்குப் புதையல், வியாபாரிக்குச் சரக்கு, சேகரிப்பாளருக்குக் கலை, நீதிமன்றத்துக்குச் சான்றுப்பொருள். எது உண்மையான அடையாளம் என்று டேவிஸ் கேட்பதில்லை. பார்க்கும் சமூகம் மாற மாறப் பொருளே மாறுகிறது என்கிறார். இந்தக் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடில்லை. எல்லாப் பார்வையும் சமம் என்றால் வியாபாரியின் பொய்க் கதைக்கும் நாகசாமியின் சாட்சியத்துக்கும் ஒரே எடை வந்துவிடும். வழக்கு அப்படி முடியவில்லை.

தெய்வம் சட்டப்படி ஒரு நபர் என்ற கோட்பாடும் ஊர் சுற்றியது. 2017இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தெய்வ வழக்குகளை ஆதாரமாக வைத்து கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான நபர்கள் என்றது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2019 அயோத்தித் தீர்ப்பில் ராம் லல்லா வழக்காடும் நபராக ஏற்கப்பட்டார். அந்த நிலத்தையே நபராக ஏற்கும்படி வைத்த கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

பத்தூர் நடராஜரோ பத்தூருக்குப் போகவில்லை. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் உள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். காரணம் எளிது: சிறு கோயிலில் காவல் இல்லை, மறுபடி திருடுவார்கள். நியாயமான பயம். பாதுகாப்பு மையங்களில் இப்படி ஆயிரக்கணக்கான உற்சவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் சிலர் போலீஸ் துணையோடு போய்வருவதுண்டு. ஆனால் லண்டனில் வென்றது அரசு இல்லை, பத்தூர் கோயில். சொத்து அதனுடையது என்பதுதான் தீர்ப்பு. சொந்தக்காரரின் வீட்டில் பூட்டு சரியில்லை என்றால் பூட்டு வாங்கிக் கொடுப்பது ஒரு வழி, சொத்தை நாமே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அறநிலையத் துறை நெடுங்காலம் இரண்டாவதையே செய்துவருகிறது. கம்பிக்கதவு, கேமரா, இரவுக் காவலர் என்று கணக்குப் போட்டால் லண்டன் வழக்குக்கு ஆன செலவின் பக்கத்தில் அது நிற்காது. தெய்வம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் நலனைப் பேச, சுயலாபமற்ற ஒருவரை நியமிக்கச் சொன்ன 1925 தீர்ப்பு இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்தூர் நடராஜருக்காக அப்படி ஒரு மனு போட யாருக்கும் தடையில்லை.