கல்லூரிகளின் விளம்பரமும் பெற்றோரின் தெரிவும்: யாழ்ப்பாண ஆங்கிலக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

கல்வி நிறுவனமொன்று தன்னை விளம்பரப்படுத்துவது அண்மைக்கால வணிகமயமாக்கத்தின் விளைவு என்னும் கருத்து நம்மிடையே பரவலாகக் காணப்படுகின்றது. வெளிநாட்டுப் பட்டங்களை வழங்கும் தனியார் நிறுவனங்களின் அறிவித்தல்களைக் காண்பார்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயின், யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை நோக்குமிடத்து, மாணவரைத் தேடிக் கல்லூரிகள் முயன்றதும், கல்லூரிகளை ஒப்புநோக்கிப் பெற்றோர் தெரிந்தெடுத்ததும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழைமையுடையன என்பது புலனாகும். நமது கல்லூரிகளின் நூற்றாண்டு மலர்கள் இவ்வரலாற்றைப் பெரும்பாலும் தாபகர்களின் தியாக வரலாறாகவே எழுதியுள்ளன. விண்ணப்பித்தவர் யார், எதனைக் கருதி விண்ணப்பித்தனர் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. அவ்வினாக்களையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையமொன்றை நிறுவியபொழுது, தமிழரும் பிறருமாகிய இளைஞர்க்கென ஒரு கல்லூரி அமைப்பதற்கான திட்டத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டும் வெளியிட்டனர். ஆங்கிலம், தமிழ், வடமொழி, விஞ்ஞானம் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் நோக்கம் அதிற் கூறப்பட்டது. இத்திட்டம் யாழ்ப்பாணத்துப் பெற்றோரை நோக்கி எழுதப்பட்டதன்று. கடல் கடந்திருந்த கொடையாளரை நோக்கி எழுதப்பட்டது. விடுதிப் பிள்ளை ஒன்றின் ஆண்டுச் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவித்தல் அக்கால வழக்காகும். 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’யின் முதலாசிரியர்களான ஹென்றி மாட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர்களே. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலிய பெயர்களும் இவ்வகையில் நோக்கத்தக்கன. கொடைக்குரிய பற்றுச்சீட்டு பிள்ளையின் பெயரிலேயே எழுதப்பட்டது எனலாம்.

உள்ளூர்ப் பெற்றோரை ஈர்க்கும் முறைகள் வேறாயிருந்தன. கல்வியும் உணவும் உடையும் இலவசமாக வழங்கப்பட்டன. உயர்சாதிப் பிள்ளைகள் மிஷன் வளவிற் சமைத்த உணவை உண்ண மறுத்தபொழுது, சமையலிடத்தை வளவுக்கு வெளியே அமைப்பதற்கும் தொடக்கத்தில் இணங்கினர். 1824இல் தொடங்கிய உடுவில் பெண்பாடசாலையில், கற்று முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. ஆண்மக்களின் கல்விக்கே தயங்கிய சமூகத்திற் பெண்மக்களை அனுப்பச் செய்வதற்குச் சீதனத்தை விட வலிய விளம்பரம் வேறில்லை என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்துகொண்டனர் போலும்.

வட்டுக்கோட்டைச் செமினரியின் பகிரங்கப் பரீட்சைகள் அதிகாரிகளும் பிரமுகர்களும் காணும் காட்சிகளாக நிகழ்ந்தன. 1829இல் நிகழ்ந்த சந்திரகிரகணம் பற்றிய செய்தி யாவரும் அறிந்ததே. அராலிப் பஞ்சாங்ககாரரான விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் மேனாட்டு வானியற் கணிப்புக்குமிடையே வேறுபாடிருத்தலைக் கண்ட அதிபர் டானியல் பூர், அதனை முன்கூட்டியே யாவர்க்கும் அறிவித்தார். கிரகண இரவில் அவர் காட்டிய கணிப்பே சரியாயிற்று. புராணக் கொள்கையைத் தகர்ப்பதே பூரின் எண்ணம். கண்டு நின்றோரிற் பலர் வீடு திரும்பியபொழுது கொண்டுசென்ற எண்ணம் அதுவன்று என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. இக்கணித வித்தையைத் தம் மக்களும் கற்க வேண்டும் என்பதே அவர்களது முடிவு; மதம் மாற வேண்டும் என்பதன்று.

இங்குதான் நமது கட்டுரையின் மையப் பொருள் அமைகின்றது. நிறுவனம் வழங்க முனைந்தது ஒன்று. சமூகம் பெற்றுக்கொண்டது பிறிதொன்று. குடாநாட்டின் விளைநிலம் குறுகியது. முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் துண்டுபட்டது. சிறுகாணி உடைய வேளாளக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் மற்றொரு காணியாகத் தோன்றியது. கச்சேரியும் நில அளவைப் பகுதியும் நீதிமன்றங்களும் ஆங்கிலமறிந்த எழுதுவினைஞரை வேண்டின. பிள்ளைகள் செமினரியிற் சேர்ந்தனர். தேவையேற்படின் ஞானஸ்நானமும் பெற்றனர். கற்று முடித்ததும் உத்தியோகத்தை நாடினர். சிலர் சைவத்துக்கு மீண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் போற்றப்படும் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியின் மாணவர்களே. அவர்களுள் தாமோதரம்பிள்ளை சைவராய் மீண்டு பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமை இலக்கிய வரலாறு. அமெரிக்காவிலிருந்து 1855இல் வந்த றூபஸ் அண்டர்சன் குழுவினர், மதம் பரப்பும் நோக்கத்தினின்றும் செமினரி விலகிவிட்டது எனக் கண்டு, அவ்வாண்டிலேயே அது மூடப்படுவதற்குக் காரணராயினர். மாணவர் தொகை குறைந்து மூடப்பட்ட கல்லூரிகள் பல உண்டு. மாணவரின் நோக்கம் நிறுவனத்தின் நோக்கத்தை வென்றமையால் மூடப்பட்டது இது.

ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் இச்செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பவைத்துப் பாராட்டியிருந்தார். செமினரி மறைந்த பின்னரும் அப்பாராட்டு விழாமேடைகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. விளம்பரம் தான் விளம்பிய பொருளினும் நெடுநாள் வாழ்வதுண்டு.

பழைய மாணவரின் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அதே ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இரண்டும் ஒரே தேவைக்குரிய இரு விடைகள். முன்னதற்கு அமெரிக்க நிதியின் ஆதரவு கிட்டியது. பின்னது பணமுடையாற் சில ஆண்டுகளில் மறைந்தது. மிஷன் பாடசாலையை விட்டுச் சைவப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புமாறு வேண்டுவது எளிது. அனுப்பிய பிள்ளைக்கு உத்தியோகத் தகுதி பெற்றுக்கொடுப்பது அரிது என்பதை நாவலரின் இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

1870ஐ அடுத்து அரசாங்கம் பெறுபேற்றின்படி மானியம் வழங்கும் முறையைக் கொணர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையின் சித்தியும் பாடசாலைக்குப் பணமாயிற்று. 1880இற் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும் 1882இல் இலண்டன் மெற்றிக்குலேசன் பரீட்சையும் இலங்கைக்கு வந்தன. இவை கல்லூரிகளுக்கு ஒரு பொது அளவுகோலை அளித்தன. அதுவரை போதகரின் சொல்லையும் அயலவரின் அனுபவத்தையும் நம்பிய தந்தை, இப்பொழுது சித்தியடைந்தோர் பட்டியலை நோக்கலானார். பெயர்கள் மாறியதும் இக்காலத்திலேயே. சுண்டிக்குளிச் செமினரி 1891இற் பரியோவான் கல்லூரியாயிற்று. யாழ்ப்பாணக் கல்லூரியும் பின்னர் இந்துக் கல்லூரியும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்றன. வங்காளத்தைக் கண்டறியாத குடும்பங்கள் கல்கத்தாவின் பெயரால் ஒரு கல்லூரியை மற்றொன்றினும் மேலாக மதித்தன. 1890களுக்குப் பின் மலாயாவின் புகையிரதப் பகுதியும் எழுதுவினைஞர் பதவிகளும் வாயில் திறந்தபொழுது, இப்பட்டியல்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இந்துக் கல்லூரியின் தோற்றத்தையும் இப்பின்னணியிற் காணுதல் வேண்டும். 1886இல் அதன் முன்னோடியான பாடசாலையைத் தொடங்கியவர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை; செமினரி மரபில் வந்தவர்; அமெரிக்கப் பெயரைத் தாங்கியவர். பின்னர் அது வழக்கறிஞர் நாகலிங்கத்தின் கைக்கு மாறி, 1890இற் சைவபரிபாலன சபையின் பொறுப்பில் வந்தது. 1895இல் கல்கத்தா இணைப்புடன் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. சபைக்கு 1889 முதல் ‘இந்து ஓர்கன்’ என்னும் ஆங்கில இதழும் அதன் துணையான ‘இந்துசாதனம்’ என்னும் தமிழ் இதழும் இருந்தன. மிஷனுக்கு ‘உதயதாரகை’ இருந்தது போல என்க. சைவம் என்னும் சொல் இங்கு ஒரு சமயத்தின் பெயராக மட்டுமன்றி, மதமாற்ற அச்சமின்றி அதே கேம்பிரிட்ஜ் சான்றிதழைப் பெறலாம் என்னும் உறுதிமொழியாகவும் பயன்பட்டது. சமயம் வேறாயினும் பாடத்திட்டம் ஒன்றே. ஆங்கிலத்தை முதன்மைப்படுத்திய அமைப்பை இந்துக் கல்லூரிகள் மாற்ற முனையவில்லை. 1910இல் மானிப்பாயிலும் கொக்குவிலிலும் எழுந்தவையும் அவ்வழியிலேயே சென்றன. சைவ மறுமலர்ச்சி பற்றிப் பெருமிதத்துடன் எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இதுகாறும் தெரிவு என்று நாம் கூறியது யாருடைய தெரிவு? போட்டியிட்ட கல்லூரிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே சமூகப் பகுதியினரின் பிள்ளைகளுக்காகவே போட்டியிட்டன. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளைச் சேர்த்த பாடசாலைகளிலும் அவர்கள் நிலத்திலோ தனித்தோ இருத்தப்பட்டனர். மிஷன் நிறுவனங்களும் இதற்கு முழு விலக்கல்ல. உயர்சாதிப் பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்வர் என்னும் அச்சம் அவற்றின் சமத்துவக் கொள்கையை நெடுங்காலம் தடுத்தது. சந்தையில் வாங்குவோன் வலியனாயின் விற்போனின் கொள்கை அவன்வழி வளையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமது வரலாற்றில் இல்லை. மானியம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு 1929இல் அரசாங்கம் பணித்தது. 1930இல் சம ஆசனத்தை ஏற்ற பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தை ஆதரித்து நின்றது. அதன் முன்னணியினர் இக்கல்லூரிகளின் பழைய மாணவரே என்பதையும் நாம் மறைத்தலாகாது.

1945இன் இலவசக் கல்வியும் 1960–61இற் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றமையும் பழைய போட்டியின் பொருளாதார அடிப்படையை அகற்றின. 1971இல் தொடங்கிய தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியை இன, மாவட்ட அரசியலோடு பிணைத்தது. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் அமைந்தது. இன்று அரச பல்கலைக்கழக இடங்களுட் பெரும்பாலானவற்றில் 40 வீதம் தேசிய தகுதியடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பத்தாளில் பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுதுவதே மாணவரின் தெரிவு. எஞ்சியதை இசட் புள்ளி தீர்மானிக்கின்றது.

அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பதாரரைத் தேட வேண்டிய தேவை இல்லை. அவ்வேலையைத் தனியார் கல்வி நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த மறுநாள், மருத்துவ, பொறியியற் பீடங்களுக்குத் தகுதி பெற்றோரின் ஒளிப்படங்களுடன் பதாகைகள் சந்திகளில் எழுகின்றன. பெயர் உண்டு; மாவட்ட நிலை உண்டு; கற்பித்த ஆசிரியரின் படமும் உண்டு. அந்நிலையத்திலிருந்து பரீட்சைக்குத் தோற்றியோர் தொகை மட்டும் அவற்றிற் காணப்படுவதில்லை.