ஒரே எண்ணிக்கை, வேறு இயல்பு: சமவிலத்திரன் கருத்தின் வரலாறு

நியோன் எதனோடும் எளிதிற் சேராத சடத்துவ வாயு. சோடியமோ நீரைத் தொட்டதும் சீறும் உலோகம். எனினும் சோடியம் ஓர் இலத்திரனை இழந்து அயனாகியதும் நியோனின் இலத்திரன் நிலையமைப்பையே பெறுகின்றது. இரண்டிலும் 10 இலத்திரன்கள். இவ்வொற்றுமை எவ்வாறு அறியப்பட்டது, எந்த எல்லைவரை அதனை நம்பலாம் என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

இலத்திரன்களை எண்ணுதற்கு முதலில் அணுவெண்ணின் பொருள் தெளிவாதல் வேண்டும். 1913 இல் மோஸ்லி எக்ஸ் கதிர்த் திருசியங்களை ஆராய்ந்து, அணுவெண் வெறும் வரிசையெண் அன்று, கருவின் ஏற்றத்தையே குறிப்பது எனக் காட்டினார். 1915 இல், தமது 27ஆம் வயதில், அவர் கலிப்போலிப் போர்க்களத்தில் மடிந்தார். அடுத்த ஆண்டில் ஜேர்மனியிற் கொசெலும் அமெரிக்காவில் லூயிசும் தனித்தனியே இரசாயனப் பிணைப்பை இலத்திரன்களைக் கொண்டு விளக்கினர். சோடியம் இலத்திரனை இழப்பதாலும் புளோரின் ஏற்பதாலும் உண்டாகும் அயன்கள் சடத்துவ வாயுவின் அமைப்பை எய்துகின்றன என்றார் கொசெல்.

1919 இல் லாங்மியூர் இக்கருத்தை மூலக்கூறுகளுக்கும் விரித்தார். நைதரசனிலும் காபனோரொட்சைட்டிலும் 14 இலத்திரன்கள். காபனீரொட்சைட்டிலும் நைத்திரசு ஒட்சைட்டிலும் 22. இவ்விணைகளின் பௌதிக இயல்புகள் பெரிதும் நெருங்கியிருந்தன. நைதரசனின் கொதிநிலை −196 பாகை செல்சியசு. காபனோரொட்சைட்டினது ஏறத்தாழ −191.5.

ஆயின் ஒற்றுமையினுள் உறையும் வேற்றுமையைப் பயன்கொண்டவர் போலிங் ஆவார். சோடியம் புளோரைட்டுப் பளிங்கில் இரு அயன்களுக்கும் இடைத்தூரம் 2.31 அங்ஸ்ட்ரோம். இரண்டிலும் 10 இலத்திரன்களே இருப்பினும், ஏற்றம் மிகுந்த கரு அவற்றை இறுக ஈர்க்கும். இந்நியாயத்தால் 1927 இல் அவர் அத்தூரத்தைப் பகுத்து, புளோரைட்டு அயனுக்கு 1.36, சோடியம் அயனுக்கு 0.95 என ஆரைகளை வகுத்தார். அவரது அளவீட்டில், அதே 10 இலத்திரன்களுடன், ஒட்சைட்டு அயனின் ஆரை 1.40, அலுமினியம் அயனினது 0.50 மட்டுமே.

எனவே, எண்ணிக்கை ஒத்தமையால் இயல்பும் முற்றாக ஒக்கும் எனக் கொள்ளுதல் தவறு. நாம் சுவாசிக்கும் வளியிற் பெரும்பகுதி நைதரசன்; அது நம்மைத் தீண்டுவதில்லை. அதே 14 இலத்திரன்களையுடைய காபனோரொட்சைட்டோ குருதியின் ஈமோகுளோபினிலுள்ள இரும்பைப் பற்றி உயிரைக் குடிக்கும். ஒன்றில் 7, 7 எனச் சமமாய் நிற்கும் கருவேற்றம் மற்றையதில் 6, 8 எனப் பிரிந்துள்ளது. இலத்திரனை எண்ணுவோர் கருவையும் மறத்தலாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.