‘அடைப்பு’: ஒரு மருத்துவச் சொல்லின் பொருள் வரலாறு

1. முன்னுரை

ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிவரும் குப்பம் வட்டாரத்தில் அமைந்துள்ளது ராமகுப்பம். இன்று சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்துள்ள இவ்வட்டாரம், 1911இல் அம்மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்தது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் இடம் இது. இங்குள்ள நோயாளி வேலூருக்கோ திருப்பதிக்கோ பெங்களூருக்கோ சிகிச்சைக்குச் செல்லும்போது நோயின் பெயரும் மொழிவிட்டு மொழி பெயர்கிறது. அவ்வாறு பெயரும் சொற்களுள் ‘பிளாக்’ என்பது ஒன்று. மருத்துவத்தில் இச்சொல் குறைந்தது மூன்று வேறு நிலைகளைச் சுட்டுகிறது. தமிழில் மூன்றுமே பெரும்பாலும் ‘அடைப்பு’ என்றே வழங்கப்படுகின்றன. இதனால் விளையும் பொருள் மயக்கத்தின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல் தோன்றிய சூழல்

நாடித்துடிப்பு மிகக் குறைந்து நோயாளி மயங்கி விழும் நிலையை டப்ளின் மருத்துவர்களான இராபர்ட் ஆடம்சு 1827லும் வில்லியம் ஸ்டோக்சு 1846லும் விவரித்தனர். எனினும் அவர்கள் அந்நிலையை ‘பிளாக்’ என்று அழைக்கவில்லை. ஜெல்லிமீன்களின் உடலில் சுருக்க அலை ஓரிடத்தில் நின்றுவிடுவதை ஆராய்ந்த ரோமானீசு இச்சொல்லை ஆண்டார். அவரைப் பின்பற்றி, ஆமையின் இதயத்தை ஆய்ந்த காஸ்கெல் 1880களில் இதனை இதயத்திற்கு உரியதாக்கினார். இதயத்தின் மேலறையில் தோன்றும் துடிப்பு கீழறைக்குச் சென்று சேராமையே அவர் கருதிய பொருள். பின்னர் 1893இல் ஹிஸ் கண்ட நார்க்கற்றையும், 1906இல் ஜப்பானிய அறிஞர் தவாரா விவரித்த கணுவும் அத்துடிப்பு செல்லும் பாதையைப் புலப்படுத்தின. ஆகவே இச்சொல் பிறந்தபோது அதில் இரத்தக்குழாயும் இல்லை. குழாயை அடைக்கும் பொருளும் இல்லை.

நரம்பைப் பொறுத்தவரை வரலாறு வேறு. 1884இல் வியன்னாவில் கோலர் கண்ணை மரக்கச்செய்யக் கோக்கெய்னைப் பயன்படுத்தினார். அதனைத் தொடர்ந்து நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் 1884-85இல் நரம்புத் தண்டின் அருகே அம்மருந்தைச் செலுத்தி வலியுணர்வை நிறுத்தினார். இங்கு ‘பிளாக்’ என்பது நோயன்று. மருத்துவர் வேண்டுமென்றே செய்யும் செயல். மருந்தின் ஆற்றல் நீங்கியதும் உணர்வு மீளும்.

மூன்றாவது பொருள், இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவது. 1977இல் சூரிச்சு நகரில் குருன்ட்சிக் பலூன் வழியாக அத்தமனியை விரிக்கும் முறையைச் செய்துகாட்டினார். அம்முறையும் அதற்கு முன்னோடியான ஆஞ்சியோகிராம் சோதனையும் பரவியபின் மக்கள் வழக்கில் ‘பிளாக்’ என்பது இப்பொருளையே முதன்மையாகக் குறிக்கலாயிற்று.

3. தமிழ் மருத்துவ மொழிபெயர்ப்பின் இடைவெளி

தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பித்த முன்னோடி சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவர் தம் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அவர்தம் முயற்சியால் ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்கள் வெளிவந்தன. கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். இதயத்தின் கடத்தல் அமைப்பு பற்றிய அறிவு பெரும்பாலும் அதன் பின்னரே உருவாயிற்று. எலும்பு, தசை, குழாய் ஆகியவற்றுக்குச் சொல் தேடிய தலைமுறை, துடிப்பு செல்லும் வழிக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வறிவு முழுமை பெற்ற இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்து மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெற்றது. ஆதலின் ‘பிளாக்’ பாடநூல் வழியாக அன்றி மருத்துவமனை வழியாகவே தமிழுக்குள் வந்தது எனலாம்.

4. பொருண்மை வேறுபாடுகள்

‘அடை’ என்னும் வினை ஒரு துளையையோ வழியையோ அதை நிரப்பும் ஒரு பொருளையோ வேண்டிநிற்பது. மூக்கடைப்பு, காதடைப்பு, சாக்கடை அடைப்பு என்பன காண்க. தமனிக்கு இச்சொல் முற்றிலும் பொருந்தும். ‘மாரடைப்பு’ என்பதோ நோயாளி நெஞ்சில் உணரும் இறுக்கத்தைச் சுட்டும் சொல். தெலுங்கில் இதே நோய் ‘குண்டெபோட்டு’ எனப்படுகிறது. ‘போட்டு’ என்பது குத்தைக் குறிக்கும். ஒரே நோயை ஒரு மொழி அடைப்பாகவும் மற்றொன்று குத்தாகவும் உணர்கின்றன.

‘நரம்பு’ என்பதும் மயக்கத்திற்கு இடந்தருவது. உணர்வு நரம்பையும் இரத்த நாளத்தையும் பேச்சுத்தமிழ் இச்சொல்லாலேயே குறிக்கிறது. ‘நரம்பில் ஊசி’ என்பது நாளத்தில் இடும் ஊசியே. தெலுங்கு ‘நரம்’ என்பதன் நிலையும் இதுவே. எனவே ‘நரம்பு அடைப்பு’ என்னும் தொடர் எல்லைப்புற மக்களுக்கு நாள அடைப்பாகவே பொருள்படும்.

எண்களும் மயக்கத்தைக் கூட்டுகின்றன. தமனி அடைப்பு எண்ணத்தக்கது. ‘மூன்று பிளாக்’, ‘எழுபது சதவீத அடைப்பு’ என்பர். கடத்தல் தடை எண்ணப்படுவதன்று. முதல், இரண்டாம், மூன்றாம் நிலை எனத் தரப்படுத்தப்படுவது. மூன்றாம் நிலையில் மேலறைத் துடிப்பு எதுவும் கீழறையை எட்டுவதில்லை. அதனை ‘மூன்று அடைப்பு’ எனக் கேட்டுக்கொள்ளும் நோயாளி, குழாயை விரிக்கும் ஸ்டென்ட் சிகிச்சையை எதிர்பார்ப்பார். அவருக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் இதயமுடுக்கி. ‘மருந்தால் அடைப்புக் கரையும்’ என நம்பி அவர் அதனைத் தள்ளிப்போடின் உயிரிழக்கவும் நேரும். மாரடைப்பின் விளைவாகவே சிலருக்குக் கடத்தல் தடை ஏற்படுவதும் உண்டு. அப்போது இருபொருளும் ஒரே நோயாளியிடம் கூடுவதால் தெளிவு இன்னும் இன்றியமையாததாகிறது.

5. மாற்றுச் சொற்கள்

இயற்பியல் பாடநூல்கள் தந்த ‘கடத்தல்’ துல்லியமானது. ஆயினும் செம்மரக் கடத்தல் பற்றிய செய்திகள் அடிக்கடி இடம்பெறும் சித்தூர், திருப்பதி பகுதிகளில் ‘கடத்தல் தடை’ எனத் தனித்து நின்றால் அது வனத்துறையின் ஆணைபோல ஒலிக்கும். ‘மின்தடை’ என்பது இயற்பியலில் மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பு. செய்தித்தாளில் மின்சாரம் நின்றுபோதல். கலைச்சொல்லாகப் பிழைபடினும், நோயாளிக்கு விளக்கும் உவமையாக அது உதவும்.

6. முடிவுரை

மூன்று நிலைகளுக்கும் மூன்று சொற்களை வரையறுப்பதே தக்கது. தமனிக்கு ‘அடைப்பு’, இதயத் துடிப்பின் வழிக்குத் ‘துடிப்புக் கடத்தல் தடை’, மரப்பு மருந்தால் நரம்பை நிறுத்துவதற்கு ‘உணர்வு மறிப்பு’. ‘மறி’ என்னும் வினை செய்பவரின் கருத்தை உட்கொண்டது; ஆதலின் கடைசிப் பொருளுக்கு ஏற்கும். மொழிபெயர்ப்பாளர் ‘பிளாக்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் எதன் வழி, எது நின்றது, யாரால் நின்றது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே தமிழ்ச்சொல்லைத் தேர்தல் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் நோயாளிக்கு அச்சொல் ஒன்றே தம் நோயை அறிவிக்கும் வாயிலாக அமையக்கூடும்.