மாநிலமும் மா நிலமும்

மாந்தோப்பு, அரிமா, மாநகராட்சி, இடியப்ப மா, மாதவன். இந்த ஐந்துக்கும் பொதுவான எழுத்து எது என்று கேட்டால் ஒண்ணாம் வகுப்புப் பையன்கூட 'மா' என்று சொல்லிவிடுவான். ஒவ்வொன்றிலும் அந்த மாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். அவனுடைய அப்பாவே கொஞ்சம் முழிப்பார்.

மாந்தோப்பில் அது மாமரம். அரிமாவில் விலங்கு. அரிமா என்றால் சிங்கம். லயன்ஸ் கிளப் தமிழில் அரிமா சங்கம் ஆனது அப்படித்தான். மாநகராட்சியில் 'மா' என்றால் பெரிய. தஞ்சாவூர் நகராட்சி 2014-ல் இந்த ஒற்றை எழுத்தை முன்னால் சேர்த்துக்கொண்டுதான் மாநகராட்சி ஆனது. இடியப்ப மாவில் அது மாவு. நாம் 'வு' என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அரிசி மா, கோதுமை மாதான். மாதவனில் திருமகள். மா என்றால் லட்சுமி, தவன் என்றால் கணவன். குதிரைக்கும் மா என்று ஒரு பெயர் உண்டு. அடேயப்பா!

ஒரே எழுத்து தனியாக நின்று பொருள் தந்தால், அது 'ஓரெழுத்து ஒருமொழி'. இப்படிப்பட்ட எழுத்துகள் தமிழில் மொத்தம் 42 என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் கணக்குப் போட்டிருக்கிறார். ம வரிசையில் மட்டும் ஆறு. அதில் முதலில் நிற்பது நம்ம மா.

இதெல்லாம் தமிழ் வாத்தியார் சொன்ன மா. ஆனால், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வேறு ஒரு மா காதில் விழும். "அவருக்கு எத்தனை மா இருக்கும்?" "இந்தத் தடவை மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?" மாம்பழமும் இல்லை, மாவும் இல்லை. நிலம்!

டெல்டா கணக்கு இதுதான். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஒரு மா 33 சென்ட். மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு வேலி 6.6 ஏக்கர்.

நிலத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? மா என்பது பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் இருபதில் ஒன்று. வேலி என்பது முழுசு. அதில் இருபதில் ஒரு பங்கு மா. அவ்வளவுதான். எண்ணே நிலத்தின் பெயர் ஆகிவிட்டது. இருமா என்றால் பத்தில் ஒன்று. நாலுமா என்றால் ஐந்தில் ஒன்று. எண்பதில் ஒன்று காணி. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. நான் பி.காம் படித்தவன். மாகாணியை வெறும் வசைச்சொல் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாறு அணா ரூபாய் இருந்த காலத்தில் ரூபாயில் மாகாணி என்றால் ஓரணா என்பது பிற்பாடுதான் உறைத்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதையெல்லாம் எண்சுவடியில் தலைகீழாக ஒப்பித்தவர்கள். கால்குலேட்டர் தலைமுறைக்கு அது வராது.

சரி, ஆயிரம் வருஷம் பின்னால் போவோம். தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது. நாம் கழுத்து வலிக்க மேலே விமானத்தைப் பார்க்கிறோம். கணக்குப்பிள்ளை புத்தி உள்ளவர்கள் கீழே, சுவரைப் பார்க்க வேண்டும். எந்த ஊரில் கோயிலுக்கு எவ்வளவு நிலம், அதில் வீட்டுமனைக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் எவ்வளவு கழிவு, பாக்கிக்கு எவ்வளவு நெல் வர வேண்டும் என்று ஊர் ஊராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பேலன்ஸ் ஷீட்டேதான்!

அந்த நிலக் கணக்கு மா, காணி, முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும். முந்திரி என்பது 320-ல் ஒன்று. அதற்கும் அடியில் போக வேண்டுமா? முன்னால் 'கீழ்' என்று ஒரு வார்த்தை. கீழ் என்றால் மறுபடி 320-ஆல் வகு. இன்னொரு கீழ் வந்தால் இன்னொரு தடவை வகு. இந்தக் கல்வெட்டுகளை ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-களில் பதிப்பித்தார். அவற்றில் வரும் மிகச் சின்ன நிலம், வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. இன்றைய வேலி அளவில் கணக்குப் போட்டால் அரை சதுர மில்லிமீட்டர். கடுகுகூட அதைவிடப் பெரிசு. அதில் நெல் விளையாது. கோல் பிடித்து யாரும் அளந்திருக்கவும் முடியாது. கூட்டிக் கழித்து வகுத்ததில் விழுந்த துண்டு அது. அதையும் விடாமல் எழுதி வைத்தார்கள். காவிரித் தண்ணீர் பாயும் மண்ணில் துண்டு நிலம்கூட யாரோ ஒருவருடைய சோறு, அரசாங்கத்துக்கு வரி.

அளவு எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததா என்றால் இல்லை. 256 குழி கொண்டது ஒரு மா என்று சொல்லும் பழைய கல்வெட்டுகளும் உண்டு. ஆனால் பெயர் மட்டும் மாறவே இல்லை.

இதில் இன்னொரு விஷயம். ஒரு மனுஷன் எந்த அளவையில் பேசுகிறான் என்பதை வைத்தே டெல்டாவில் அவன் நிலைமையைச் சொல்லிவிடலாம். மிராசுதார் வேலியில் பேசினார். சின்ன விவசாயி மாவில் பேசினார். பண்ணையாளுக்கு மாவும் இல்லை, வேலியும் இல்லை. குடிசை நின்ற சில குழி மண்கூடப் பெரும்பாலும் மிராசுதாருடையது. "இடத்தைக் காலி பண்ணு" என்றால் குடும்பத்தோடு தெரு.

1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யாருக்குப் பொருந்தும்? ஒரு கிராமத்தில் 6⅔ ஏக்கருக்கு மேல் நன்செய் வைத்திருந்தவர்களுக்கு. அதென்ன 6⅔? ஏழு என்று முழுசாக வைக்கக் கூடாதா? மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்து இருபது மாவை வகுத்துப் பாருங்கள். 6⅔! சட்டம் ஏக்கரில் பேசியது. உள்ளே உட்கார்ந்திருந்தது வேலி. பிறகு 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்றது. 1970-ல் அது 15 ஆனது. அதாவது இரண்டேகால் வேலி. பண்ணையாள் குடியிருந்த அந்தச் சில குழி அவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1971-ல். பெரிய கோயில் கல்லில் கடுகளவு நிலத்துக்கும் கணக்கு எழுதி 960 வருஷம் கழித்து!

இப்போது என் சொந்தக்காரர் ஒருவர் கதை. எனக்குப் பெரியப்பா முறை. திருவையாறு பக்கம் ஐந்து மா நன்செய். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் மழை கொட்டி, கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைத்தே போய்விட்டது. நிவாரணத்துக்கு மனு எழுதினார்: 'நிலம் 5 மா'. மனு வாங்கிய இடத்தில் "மா எல்லாம் கூடாது பெரியவரே" என்று திருப்பிவிட்டார்கள். பத்திரத்தைப் பார்த்து 'ஒரு ஏக்கர் 65 சென்ட்' என்று எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. பட்டாவில் உள்ள மாதிரி ஹெக்டேர்தான் வேண்டுமாம். கடைசியில் நான்தான் கால்குலேட்டரைத் தட்டி '0.67 ஹெக்டேர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தத் தடவை அரசு நெல்லுக்கான இடுபொருள் நிவாரணத்தை ஹெக்டேருக்கு 13,500 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தியிருந்தது. கேட்கப் பெரிசாகத்தான் இருந்தது. பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதான். "மாவுக்கு எவ்வளவுடா?"

கணக்குப் போட்டேன். சுமார் 2,675 ரூபாய்.

"நடவு கூலிக்கே காணாதேடா" என்றார். பிறகு அந்த 0.67-ஐயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சுன்னு இருந்துச்சு. ஒண்ணரைச் சொச்சம்னு ஆச்சு. இப்ப ஒண்ணுக்கும் கீழ போயிடுச்சே!"

நிலம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனாலும் அவர் சொன்னது தப்பில்லை. ஹெக்டேர் கணக்கு ஊருக்கெல்லாம் ஒரே அளவு வேண்டும் என்பதற்காக வந்தது. அது தேவைதான். ஆனால் உழுகிறவர் விதையும் கூலியும் நஷ்டமும் மாவில்தான் கணக்குப் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்த அளவையில் சொன்னால்தான் 20,000 ரூபாயின் உண்மையான எடை அவருக்குத் தெரியும். ஹெக்டேருக்குப் பக்கத்தில் மாவையும் ஒரு வரி எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்?

கம்ப்யூட்டருக்கும் இடம் இல்லாமல் இல்லை. 2019-ல் வெளியான யூனிகோடு 12.0-வில் இருபதில் ஒன்றுக்கான பழைய தமிழ்க் குறியும், வேலிக்கும் குழிக்கும் உரிய குறிகளும் சேர்ந்தாயிற்று. மனுவில்தான் இன்னும் சேரவில்லை.

மாநிலம் என்று சேர்த்து எழுதினால் நாட்டின் ஒரு பெரிய பகுதி. கொஞ்சம் இடைவெளி விட்டு மா நிலம் என்று எழுதினால் என் பெரியப்பாவின் வயலில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நின்றுகொண்டுதான் அவர் இன்னமும் கேட்கிறார், "மாவுக்கு எவ்வளவு?"