ட்விட்டரில் சில வரிகள், புதுச்சேரியில் ஒரு கைது

2012 அக்டோபர் 30 அன்று புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் அதிபர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அன்றைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தை விமர்சித்து ட்விட்டரில் எழுதினார் என்பதே புகார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது இருபது பேர்கூட இல்லை!

அவர் மீது பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 'புண்படுத்தும்' செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. எது புண்படுத்தும் என்பதைப் போலீஸாரே முடிவு செய்துகொள்ளலாம். 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. அதன் பிறகும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

அதே தீர்ப்பு, இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் 69ஏ பிரிவை அப்படியே விட்டுவைத்தது. இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. முடக்கும் உத்தரவு இரகசியம் என்கின்றன 2009-ஆம் ஆண்டு விதிகள். எனவே எழுதியவருக்கே காரணம் தெரியாமல் போகலாம். காலாப்பட்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் எடுத்துப் பேச வேண்டிய விஷயம் இது.

சரி, நாம் என்ன செய்யலாம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கூறிவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழக விடுதியிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளிலும் பொது வைஃபையில் இணையும்போது அந்த உரிமை தானாக வந்து காக்காது. முகவரி 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், நீங்கள் படிக்கும் பக்கத்தை இணைய நிறுவனம் பார்க்க முடியாது; எந்தத் தளம் என்பதை மட்டும் பெரும்பாலும் அறியும். விபிஎன் அதையும் மறைக்கும், ஆனால் அந்த விபிஎன் நிறுவனத்தை நீங்கள் நம்பியாக வேண்டும். இலவசம் என்றால் இன்னும் யோசியுங்கள். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் சர்ட்-இன் உத்தரவிட்டதும், சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. டோர் உலாவி மூன்று கணினிகள் வழியே சுற்றிப் போகும். வேகம் குறைவு, ஆனால் யார் எதைப் பார்த்தார் என்பது ஓரிடத்தில் சேராது.

வாட்ஸ்அப் செய்திகள் வழியில் பூட்டப்பட்டுத்தான் செல்கின்றன. கூகுள் டிரைவில் சேரும் பேக்கப் அப்படியல்ல. 'சாட் பேக்கப்' பகுதிக்குச் சென்று அதற்கான பூட்டை நீங்களே போட வேண்டும். அந்தக் கடவுச்சொல் மறந்துபோனால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.